குழிக்காரன்

வெள்ளைக்கல் தோட்டம், மேற்பிரிவு,
மடுல்சீமை.
18.01.1998

லீலாவுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய், அதை நான் கேட்கவில்லை. என் தம்பி சுகமா என்றுதான் கேட்கிறேன்.

பொங்கலுக்கு முருகையா வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாம். தீபாவளிக்கு அவன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் உன் கையெழுத்து. அவன் பேனாவையும் நீயே வாங்கி வைத்துக்கொண்டாயா?

நம் லயத்துக் கடைசி வீட்டுப் பாக்கியலெட்சுமி போன மாதம் பதுளைக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தாளாம். முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டாளாம். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியதாம். கையில் ஒரு பையோடு கொழும்பு பஸ்ஸில் ஏறினானாம். என்னங்கண்ணே என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தங்கச்சி, சும்மா போறேன்" என்றானாம். சும்மா யாராவது கொழும்புக்குப் போவார்களா? பதினைந்து வருஷமாக ஹெதர்லி கம்பெனியின் தீயணைப்புப் படையில் இருக்கிறவன். ஊவாவில் எந்தத் தோட்டத்து ஃபேக்டரி எரிந்தாலும் சிவப்பு லொறியில் தொங்கிக்கொண்டு ஓடுகிறவன். அவனுக்கு வயிறு நிறையச் சோறு போட உன்னால் முடியவில்லை. டவுன்காரியைக் கட்டாதே என்று அன்றைக்கே சொன்னேன்.

அது போகட்டும். சித்திரையில் தீமிதி வருகிறது. பூக்குழியில் விறகு அடுக்கி, எரித்து, தணலைச் சமப்படுத்துகிற உரிமை நம் தாத்தா காலத்திலிருந்து நம் குடும்பத்துக்குத்தான். அதனால்தான் நம்மைக் குழிக்காரக் குடும்பம் என்கிறார்கள். அதனால்தான் கோயிலில் முதல் பரிவட்டம் என் தம்பி தலையில் ஏறுகிறது. கீழ் லயத்துக் கிருஷ்ணராஜ் குடும்பம் அந்தத் துணிக்கு எத்தனை வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது என்று உனக்குத் தெரியும். முருகையா வரவில்லையென்றால் அது அவர்களுக்குப் போய்விடும். உன் புருஷனாக எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அந்த ஒரு நாள் அவனை அனுப்பு.

விதுஷாவுக்கு என் ஆசீர்வாதம். அவளாவது எங்கள் பக்கத்து ரத்தமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருதாயி


கம்பெனி குவாட்டர்ஸ்,
பதுளை.
09.02.1998

மதினி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் வீட்டிலும் அப்படியே என்று தெரிந்து சந்தோஷம்.

அவருக்கு வேலை அதிகம். எழுத நேரமில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் நான் எழுதுகிறேன். மெலிந்திருக்கிறார் என்பது உண்மைதான். மூன்று வேளையும் சமைத்துத்தான் வைக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சித்திரைக்கு அவர் வரமாட்டார். காரணம் கேட்காதீர்கள். பரிவட்டம் பற்றி என்னிடம் எழுதிப் பிரயோசனமில்லை. அது உங்கள் குடும்பத்து விஷயம் என்று கல்யாணத்தன்றே என்னிடம் சொல்லிவிட்டீர்கள்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
லீலாதேவி


மடுல்சீமை,
17.05.1998

லீலாவுக்கு,

அம்மன் அருளால் நாங்கள் நலம். உன் நலத்தை நீயே பார்த்துக்கொள்கிறாய் என்று தெரிகிறது.

திருவிழா முடிந்தது. அவன் வரவில்லை. நான் கோயில் தலைவர் காலில் விழாத குறையாக நின்று, என் தம்பி பேரில் பரிவட்டத்தைத் தணல் தள்ளுகிற குழிக் கம்பில் கட்டவைத்தேன். அந்தக் கம்பை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கிருஷ்ணராஜ் அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஆளு இல்லாத கம்புக்கு மரியாதையாம்" என்று சிரித்தாள். கம்பை இன்னும் நிமிர்த்திப் பிடித்தேன். துணி இப்போது என் பெட்டியில் இருக்கிறது. இந்த வருஷம் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். அடுத்த வருஷமும் அவனை நீ அடைத்து வைத்தால் பதுளைக்கே வந்து உன் வாசலில் நின்று கேட்பேன்.

இன்னொரு சேதி. நீ மறைத்தாலும் நல்ல சேதி என் காதுக்கு வந்துசேரும். போன வாரம் கம்பெனியிலிருந்து தனேஸ்வரன் என்று ஒரு நலன்புரி அதிகாரி ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல மரியாதை. முருகையாவைப் பற்றிக் குடும்பத்தாரிடம் விசாரிக்க வேண்டும் என்றார். உத்தியோக உயர்வுக்குத்தான் இப்படி விசாரிப்பார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசல் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் மூன்று தலைமுறையாக நெருப்போடு பழகின குடும்பம் என்றேன். பன்னிரண்டு வயதிலிருந்து என் தம்பி வருஷம் தவறாமல் குழிப் புகையில் நிற்கிறான், புகை அவனுக்குத் தாய்ப்பால் மாதிரி என்றேன். சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பாவின் பீடியைப் பிடுங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இருமாமல் நிற்பான் என்றும் சொன்னேன். அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டு, "இன்னும் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

அவனுக்குப் பெரிய வேலை கிடைத்தால் அது என் வாயால் கிடைத்தது என்று நினைத்துக்கொள். நீ அவனுக்காக என்ன செய்தாய்?

இப்படிக்கு,
மருதாயி


பதுளை,
07.06.1998

மதினி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் தம்பிக்கு நெஞ்சில் புற்றுநோய். போன கார்த்திகையில் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாக்கியலெட்சுமி பார்த்தது அங்கே போகிற பஸ். இருமினால் கைக்குட்டையில் ரத்தம் வருகிறது. சோறு உள்ளே இறங்குவதில்லை. "அக்காவுக்குத் தெரிஞ்சா லயம் முழுக்கத் தெரிஞ்சிரும், குழிக்காரனுக்குப் புகையில நோவு வந்துச்சுன்னு சிரிப்பாங்க" என்று சொல்லி, விதுஷாவின் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அதனால்தான் உங்கள் வசவையெல்லாம் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். இன்றைக்குச் சத்தியத்தை உடைக்கிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

தனேஸ்வரன் வந்தது உத்தியோக உயர்வுக்கு இல்லை. வேலையால் வந்த நோய் என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் வைத்தியச் செலவு, அரைச் சம்பளம், இந்த வீடு எல்லாம் தரவேண்டும். ஒத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நீங்கள் நாற்காலி போட்டு, தேத்தண்ணியோடு கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். "நோயாளி சிறுவயது முதல் பீடி புகைத்தவர், பரம்பரையாகத் தீக்குழிப் புகையில் இருந்தவர், நோய் கம்பெனி வேலையால் வந்ததல்ல" என்று முடிவு வந்துவிட்டது. வருஷக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் வாழ்க்கையில் ஒரு பீடி முழுதாகக் குடித்ததில்லை. உங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் குழியில் ஒரு விறகுகூட அடுக்கியதில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கம்போடு நிற்பார். காலையிலிருந்து புகையில் கிடந்து வேகிறது கிருஷ்ணராஜ் வீட்டு ஆம்பிளைகள். கல்யாணமான முதல் வருஷமே இதைப் பார்த்தேன். தோட்டத்துக்கே தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள். உங்கள் பெருமைக்கு ஒரு பொய் சொன்னீர்கள், அது அவர் உயிரில் விழுந்துவிட்டது.

நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

லீலாதேவி


பதுளை,
19.08.1998

மதினி அவர்களுக்கு,

வணக்கம். நான் எழுதி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று முதலில் நினைத்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் உங்கள் சத்தம் மலைக்கு அந்தப்பக்கம் கேட்கிறது என்று மடுல்சீமையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. தொழிற்சங்கத்துக்காரர்கள் முயற்சி செய்து மறு விசாரணைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஐப்பசி தொடக்கத்தில் பதுளையில் நடக்கும். அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்து கேட்பார். உங்கள் தம்பியோடு ஒரே லொறியில் போன இரண்டு பேர் இதே நோயில் செத்துவிட்டார்கள். அதில் ஒருவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா இங்கே அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளும் வந்து சொல்கிறேன் என்கிறாள். மாமியார் வீட்டில் வெளியே போகாதே என்று தடுத்தும் வருகிறேன் என்கிறாள்.

ஆனால் நீங்கள் சொன்னதை நீங்கள்தான் மாற்றிச் சொல்லவேண்டும் என்கிறார்கள். கிருஷ்ணராஜையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். உண்மையைத்தான் சொல்லச் சொல்கிறேன். முடியுமா முடியாதா என்று ஒரு வரி எழுதுங்கள்.

லீலாதேவி


மடுல்சீமை,
30.08.1998

லீலா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள் நானாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதில் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாயே, என்ன எழுதச் சொல்கிறாய்? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அம்மா கொழுந்துக்குப் போனபிறகு என் இடுப்பில்தான் இருந்தான். அவனுக்கு இப்படி ஒரு நோய் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் ஆறு மாதம் நீ பூட்டி வைத்திருந்தாய். ஜீப்பில் வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, ஸித்தி ஸுபைதாவுக்குத் தெரிந்திருக்கிறது, பதுளையில் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த மனிதன் முன்னால் அப்படி வாய் பேசியிருப்பேனா? சத்தியமாம் சத்தியம். கடைசியில் உடைத்துத்தானே விட்டாய், அதை அந்த ஜீப் வருவதற்கு முன்னால் உடைத்திருந்தால் என்ன? என் வாய் ஒரு பங்கு கெடுத்தது என்றால் உன் வாய் பேசாமல் இருந்து இரண்டு பங்கு கெடுத்தது.

பீடி விஷயத்தை வந்து மாற்றிச் சொல்கிறேன். குழி விஷயத்தைச் சொல்லமாட்டேன். என் தாத்தா கப்பலில் வந்து இறங்கி இந்த மலையில் சம்பாதித்தது அந்த ஒரு துணிதான். வேறு என்ன இருக்கிறது எங்களுக்கு? லயம் தொரையுடையது, மலை தொரையுடையது. அதைக் கிருஷ்ணராஜ் தலையில் கட்டிவிட்டு நான் எப்படிக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்பேன்? முருகையாவே சம்மதிக்கமாட்டான். வேண்டுமென்றால் கேட்டுப் பார்.

அவனுக்குக் கருப்பட்டியும் திப்பிலியும் பாக்கியலெட்சுமியின் மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ எடுத்து வைத்துக்கொள்ளாதே.

மருதாயி


பதுளை,
20.09.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி முருகையா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். லீலா விதுஷாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும். மூச்சு வாங்குகிறது, அதனால் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. திப்பிலி கிடைத்தது.

நீ விசாரணைக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வராதே அக்கா.

உனக்கு ஒன்று தெரியாது. படையில் எனக்குப் பெயர் குழிக்காரன். சேர்ந்த புதிதில் நானேதான் பீற்றிக்கொண்டேன். தீமிதிக் குழியை நடத்துகிற குடும்பம், புகை என்னை ஒன்றும் செய்யாது என்றேன். அன்றிலிருந்து கதவை உடைத்தவுடன் எங்கள் படைப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "எங்க குழிக்காரன், அவன முன்னால விடு" என்பார். முகமூடி ஒன்று இருந்தது, அதைப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டு ஈரச் சாக்கை மூஞ்சியில் கட்டிக்கொண்டு நான் முன்னால் போவேன். கலவர வருஷத்தில் ஃபேக்டரிகள் எரிந்தபோது அப்படித்தான் போனேன். தேயிலை பற்றிக்கொண்டால் சீக்கிரம் அணையாது, நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்கவேண்டும். லுணுகலைப் பக்கம் உர ஸ்டோரும் பூச்சி மருந்து ஸ்டோரும் சேர்ந்து எரிந்தபோது புகை மஞ்சளாக வந்தது. அன்றைக்கும் நான்தான் முன்னால். இரண்டு நாள் வாய் கசந்தது. லீலாவிடம் சொல்லவில்லை.

இப்போது நீ வந்து இவன் குழியைத் தொட்டதே இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் எனக்கு என்ன மிச்சம்? வீடு போனால் உன் காம்பராவில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். மருந்து இல்லையென்றால் இல்லை. குழிக்காரன் என்ற பெயரோடு போய்விடுகிறேன். லீலா சொல்வதைக் கேட்காதே. இந்தக் கடுதாசி பற்றி அவளுக்கு எழுதாதே.

உன் தம்பி,
முருகையா


மடுல்சீமை,
25.10.1998

லீலாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மகரகமவிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய் என்று அறிந்தேன். அவன் தூங்குகிறானா என்று எழுது.

விசாரணையன்று நீ அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். நீ நன்றி சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. நாளைக்கு யாராவது வேறு விதமாகச் சொன்னால் நீ அதையும் நம்பி என்னைத் திட்டுவாய், அதற்காக எழுதுகிறேன்.

குழி விஷயத்தைச் சொல்லமாட்டேன் என்று எழுதியவள் ஏன் மனம் மாறினேன் என்று கேட்காதே. கிருஷ்ணராஜ் சும்மா வரவில்லை. போய்க் கேட்டபோது அவன் அம்மா என்னை நிற்கவைத்தே பேசினாள். கோயிலில் எல்லோரும் பார்க்க, கம்பையும் துணியையும் என் கையால் கொடுத்து, இனி இந்த உரிமை எங்களுக்கு இல்லை என்று சொல்லவேண்டும், அப்போதுதான் பதுளைக்கு பஸ் ஏறுவேன் என்றான். புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை கொடுத்தேன். துணியை மடித்துக் கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் கோயிலை விட்டு வெளியே போய்விட்டார். இன்றைக்கு வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தொழில் கந்தோர் ஐயா, ஓரத்தில் கம்பெனி ஆள், அவர் பக்கத்தில் நம் தனேஸ்வரன். முதலில் ஸித்தி ஸுபைதா பேசினாள். மெதுவாகப் பேசினாலும் நடுங்காமல் பேசினாள். தீ அணைத்துவிட்டு வந்தால் தன் புருஷன் சட்டையைத் துவைத்த தண்ணீர் மூன்று தரம் மாற்றினாலும் கறுப்பாகவே இருக்கும் என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தனேஸ்வரன் நான் முன்னால் சொன்னதைப் படித்துவிட்டு, "இது நீங்கள் சொன்னதுதானே அம்மா?" என்று கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாந்தாங்க சொன்னேன். பொய் சொன்னேன். வேலைக்குப் போன நாள்லேருந்து எந் தம்பி குழியில ஒரு வெறகு அடுக்குனதில்லைங்க. சாயங்காலம் வந்து துணியக் கட்டிக்குவான், அம்புட்டுத்தான். வருஷா வருஷம் அந்தப் புகையத் தின்னது இந்தா நிக்கிறாரே கிருஷ்ணராஜ், இவரும் இவரு அப்பாவும். அந்தப் பெரியவருக்கு எழுவத்தஞ்சு வயசு, இன்னமும் மலை ஏறுறாரு. இவருக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல, எந் தம்பிக்குத்தான் இருக்கு. அப்ப அது எந்தப் புகைன்னு நீங்களே சொல்லுங்க. குழிக்காரன், குழிக்காரன்னு சொல்லித்தானே அவன முன்னால விட்டீங்க. அவன் குழிக்காரன் இல்லைங்க."

கம்பெனி ஆள் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். தொழில் கந்தோர் ஐயா கிருஷ்ணராஜைச் சட்டையைத் திறந்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். அவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். தனேஸ்வரன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, பேனாவை மூடி வைத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கிருஷ்ணராஜ் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். நான் நின்றுகொண்டே வந்தேன்.

மருதாயி


பதுளை,
14.02.1999

மதினி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்கவேண்டும். அண்ணன் இப்போது பேசுகிறாரா?

முடிவு வந்துவிட்டது. வேலையால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டார்கள். வீடு இருக்கும், அரைச் சம்பளம் வரும், மகரகமவுக்குப் போய்வர ஒரு வான் வண்டி அனுப்புகிறார்கள். ஸித்தி ஸுபைதாவின் வழக்கையும் திறந்திருக்கிறார்கள். மருந்து தொடங்கியாயிற்று. ஆனால் நாள் கடந்துவிட்டது, இது வலிக்கு மட்டும்தான், நோய்க்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலிலேயே கொடுத்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் என்னால் தாங்கமுடியாது, அந்தக் கோபத்தையும் உங்கள் மேல்தான் கொட்டுவேன்.

நன்றி என்று எழுதத் தொடங்கி இரண்டு தரம் கிழித்துப் போட்டேன். கை வரவில்லை. என்னை மன்னிக்கவேண்டாம்.

கம்பெனிக்கு எப்படி மனம் மாறியது என்று அவர் கேட்டார். செத்துப்போன இரண்டு பேருக்கும் இதே நோய் என்று பார்த்து ஒத்துக்கொண்டார்கள் என்றேன். நீங்கள் வந்ததை, பேசியதை, துணியைக் கொடுத்ததை ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா வரலியே?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஏன் தெளிந்தது என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் வராததில் அவருக்கு என்ன சந்தோஷம்?

இப்போது ஒரே பேச்சாக இருக்கிறார். சித்திரைக்குப் போகவேண்டும், தூக்கிக்கொண்டு போனாலும் சரி, குழிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும், துணியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறார். படியிறங்கவே முடியாது, அவருக்கும் தெரியும். சரி, போகவில்லை, என் பேரில் கம்பில் கட்டுவார்கள் இல்லையா என்று கேட்கிறார். கட்டுவார்கள் என்று நான் சொன்னால் நம்பவில்லை. நான் சொல்லிச் சொல்லி என் பொய்யெல்லாம் பழசாகிவிட்டது. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

லீலாதேவி


மடுல்சீமை,
16.05.1999

லீலாவுக்கு,

இங்கே நலம். என் வீட்டுக்காரர் பேசத் தொடங்கிவிட்டார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

திருவிழா முடிந்தது. கிருஷ்ணராஜ் தலையில் துணி கட்டினார்கள். நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றேன். பிறந்ததிலிருந்து நான் அந்த இடத்திலிருந்து குழியைப் பார்த்ததில்லை, ஆள்களின் முதுகுதான் தெரிகிறது. பெரட்டில் பெண்பிள்ளைகள் என்னை முன்னாள் குழிக்காரி என்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு துணியைக் கொடுத்தேன் என்று ஒரு கதையும் நடக்கிறது. எனக்கு இது சின்ன வலி இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்பதும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

அவன் முகம் ஏன் தெளிந்தது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது.

இதோடு இன்னொரு கடுதாசி வைத்திருக்கிறேன். அது அவனுக்கு. அவனால் படிக்கமுடியாது என்று தெரியும், நீயே சத்தமாகப் படித்துக் காட்டு. என் வாய்தான் உன் வீட்டைக் கெடுத்தது என்றாய். அதே வாயால் எழுதியிருக்கிறேன். கடைசியில் உன்னைத் திட்டியிருக்கிறேன். அதை விட்டுவிட்டுப் படிக்காதே. திட்டு இல்லையென்றால் நான் எழுதியது என்று நம்பமாட்டான்.

மருதாயி


மடுல்சீமை,
16.05.1999

என் தம்பி முருகையாவுக்கு,

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். இங்கே எல்லோரும் நலம், உன்னை விசாரிக்காத ஆள் இல்லை.

திருவிழா நன்றாக நடந்தது. நீ வரவில்லை என்றதும் கோயில் தலைவர் துணியை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குழிக்காரன் பதுளையில் இருந்தாலும் குழிக்காரன்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உன் பேரில் கம்பில் கட்டினார்கள். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கிருஷ்ணராஜ் அம்மா ஏதோ முணுமுணுத்தாள், நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். தணல் இந்த வருஷம் பூப் போல இறங்கியது, மிதித்தவர்களில் ஒருத்தருக்கும் காலில் கொப்புளம் இல்லை. உன் பேர் ராசி என்று மேல் லயத்திலும் பேசுகிறார்கள், கீழ் லயத்திலும் பேசுகிறார்கள். துணி என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீ எழுந்து வந்து கட்டிக்கொள்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள்.

விசாரணைக்கு நான் வரவில்லை. நீ சொன்னால் நான் மீறுவேனா?

அந்த டவுன்காரி உனக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாளா? ரசம் என்று வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், அதையும் குடித்துத் தொலை. மருந்தை நேரம் பார்த்துக் கொடுக்கவில்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுது, வந்து அவள் தலைமயிரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுகிறேன். ராத்திரி அவள் தூங்குகிறாளா என்று பார். அவளும் சாப்பிட்டாளா என்று கேள். கேட்காவிட்டால் பட்டினி கிடப்பாள், அந்த ரகம். அவள் விழுந்துவிட்டால் உன்னை யார் பார்ப்பது?

இப்படிக்கு,
உன் அக்கா
மருதாயி